பதின்மூன்று பெட்டியா, பதினான்கு பெட்டியா?



சென்ற மாதம் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டிற்கு வந்திருந்தார். ஸ்கூடாய் வட்டாரத்தில் வீட்டுச் சீரமைப்புக் குத்தகையாளர் ஒருவரிடம் மதிப்பீட்டாளராகப் பணிபுரிகிறார். நம் பேச்சு வழக்கில் சொன்னால் எஸ்டிமேட்டர். வாடிக்கையாளரின் வீட்டுக்குச் சென்று அளந்து, சுவரைத் தட்டிப் பார்த்து, எந்தப் பொருள் எவ்வளவு வேண்டும், எத்தனை ஆள், எத்தனை நாள் என்று கணக்கிட்டு விலைப்பட்டியல் தயாரிப்பவர். அவர் அம்மாவுக்கு இந்த வேலையில் திருப்தி இல்லை. "அளவு நாடாவைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறான் டீச்சர்" என்று கடைத்தெருவில் என்னிடம் குறைபட்டுக்கொண்டார். இப்பதிவை எழுத அதுவே காரணம்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2018-ஆம் ஆண்டில் எங்கள் வரிசை வீட்டின் பின்புறத்தை நீட்டிச் சமையலறையைப் பெரிதாக்க முடிவு செய்தோம். இரண்டு விலைப்பட்டியல்கள் கிடைத்தன. ஒன்று நான்கு பக்கம். மொத்தம் 36,800 ரிங்கிட். மற்றொன்று ஒரே பக்கம், "சமையலறை நீட்டிப்பு, முழு வேலையும் சேர்த்து" என ஒரே வரி, 28,000 ரிங்கிட். நான்கு பக்கக்காரர் வேண்டுமென்றே விலையை ஏற்றுகிறார் என்று நானும் என் கணவரும் பேசிச் சிரித்தோம். மலிவானதையே எடுத்தோம். வேலை தொடங்கியதும் உடைத்த கல்லையும் மண்ணையும் அள்ளிச் செல்லத் தனிக் காசு, கழிவுநீர்க் குழியை இடம் மாற்றத் தனிக் காசு, மின் இணைப்புக்குத் தனிக் காசு, கூரைக்கும் பழைய சுவருக்கும் இடையே தண்ணீர் இறங்காமல் அடைக்கத் தனிக் காசு என ஒவ்வொன்றாக வந்தது. பாதி வீடு திறந்து கிடக்கும்போது யாரால் வாதாட முடியும்? முடிவில் 41,300 ரிங்கிட் ஆனது.

அந்த ஒற்றைத் தாளை நான் பத்திரப்படுத்தி வைத்திருந்தேன். அதையும் நான்கு பக்கத்தாளையும் மாணவரிடம் காட்டினேன். இருபதே நிமிடத்தில் எது எது விடுபட்டது என்று பென்சிலால் குறித்துக் கொடுத்தார். "விடுபடவில்லை டீச்சர், விட்டிருக்கிறார்கள்" என்றார். பிறகு அவர் சொன்ன ஒன்றுதான் என் மனத்தை உறுத்தியது. முன்பு வேலை செய்த இடத்தில் அவரையே அப்படி விடச் சொன்னார்களாம். "முதலில் வேலையைப் பிடி, மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பது அங்கே வழக்கம். உள்ளதை உள்ளபடி எழுதிய மாதங்களில் அவருக்கு ஒரு வேலையும் அமையவில்லை, ஊக்கத்தொகையும் இல்லை. எட்டு மாதத்தில் விலகிவிட்டார்.

அவரை யார் தோற்கடித்தது? முதலாளி என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒற்றைத் தாளைத் தேர்ந்தெடுத்தவள் நான். நேர்மையாக எழுதிய நான்கு பக்கத்தைப் பார்த்துச் சிரித்தவளும் நானே.

இனி வகுப்பறைக்கு வருவோம். இதே மாணவர் ஐந்தாம் ஆண்டில் என்னிடம் கணிதம் பயின்றவர். செய்வழி காட்டாமல் "ஏறக்குறைய 200" என்று எழுதுவார். நான் சுழியம் போடுவேன். அந்த "ஏறக்குறைய" பெரும்பாலும் சரியாகவே இருந்தது என்பதைக் கவனிக்க எனக்கு நேரமில்லை. அனுமானித்தல் நம் பாடத்திட்டத்தில் இருக்கிறது. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் அதற்கென்று பாடக்குறிப்பும் எழுதியிருக்கிறோம். ஆனால் வகுப்பில் என்ன செய்கிறோம்? மாணவர்கள் முதலில் சரியான விடையைக் கண்டுபிடித்து, அதைக் கிட்டிய பத்துக்கு மாற்றி, "அனுமானம்" என்ற கட்டத்தில் எழுதுகிறார்கள். நாமும் சரி போடுகிறோம். அது அனுமானம் ஆகாது. விடைக்கு வேறு சட்டை மாட்டுவது.

அன்று மாலை அவர் எனக்கே ஒரு கணக்குக் கொடுத்தார். 16 அடிக்கு 12 அடி சமையலறை. இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ். ஒரு பெட்டியில் நான்கு. எத்தனை பெட்டி? பரப்பளவு 192 சதுர அடி, ஒரு டைல்ஸ் 4 சதுர அடி, ஆகவே 48. 12 பெட்டி என்றேன். சிரித்தார். வெட்டும்போது உடைவதற்கும் வீணாவதற்கும் பத்து விழுக்காடு சேர்க்கச் சொன்னார். 52.8 வந்தது, 53 என்று வைத்துக்கொண்டோம். நான்கால் வகுத்தால் 13.25. கிட்டிய முழு எண் 13. இப்படித்தான் இருபது ஆண்டாகக் கற்பிக்கிறேன். கடையில் கால் பெட்டி கொடுக்க மாட்டார்கள். 13 பெட்டி வாங்கினால் ஒரு டைல்ஸ் குறையும். ஒன்றுக்காக மறுபடியும் போனால் அதே தயாரிப்பில் வந்த அதே நிறம் கிடைக்கும் என்று உறுதியில்லை. ஆக, 14.

அதோடு விடவில்லை. "இரண்டடி டைல்ஸ் உண்மையில் இரண்டடியா டீச்சர்?" என்று கேட்டார். அது 60 சென்டிமீட்டர். இரண்டடி என்பது 60.96 சென்டிமீட்டர். எட்டு டைல்ஸை வரிசையாகப் பதித்தால் 480 சென்டிமீட்டர். 16 அடி என்பதோ ஏறக்குறைய 487.7. சுவரோரம் மூன்று அங்குல இடைவெளி நிற்கும். இணைப்பு இடைவெளியைக் கழித்தாலும் அங்கே ஒரு துண்டு வெட்டி ஒட்டியே ஆகவேண்டும். வாசலில் நுழைந்ததும் கண்ணில் படும் பக்கத்தில் அந்தத் துண்டு வரலாமா, அலமாரிக்கு அடியில் மறையலாமா என்பதை விலைப்பட்டியல் எழுதும்போதே யோசிக்க வேண்டுமாம். மீட்டருக்கும் அடிக்கும் இடையில் ஓர் ஐந்தாம் ஆண்டுப் பாடம் முழுவதும் ஒளிந்துகொண்டிருக்கிறது. செங்கல் கணக்கும் அப்படித்தான். அரைச்செங்கல் சுவருக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 60 செங்கல். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரச் சுவருக்கு 720. உடைசலுக்கு மேலும் சிறிது. நம் பயிற்றியில் வரும் "ஒரு செவ்வகத்தின் பரப்பளவைக் கணக்கிடுக" என்பதை விட இதில் பிள்ளைக்கு ஏதாவது கிடைக்கும்.

ஆனால் இந்த வேலை கணக்கு மட்டும் அன்று. எண்ணில் அடங்காதவற்றைக் கண்ணால் பிடிப்பதே இதில் கடினம் என்கிறார். பின்புறம் நீட்டிய பகுதிக்குச் சரியான அடித்தளம் போடாவிட்டால், சில ஆண்டுகளில் அது மட்டும் மண்ணில் இறங்கி, பழைய சுவரிலிருந்து பிளந்து நிற்கும். ஜொகூரின் குடியிருப்புகளில் பின்சந்து வழியாக நடந்து பாருங்கள், அந்த விரிசல் எத்தனை வீடுகளில் தெரிகிறது என்று. மண்ணுக்குள் போகும் பணத்தை வாடிக்கையாளர் பார்க்க முடியாது. ஆகவே மலிவு விலைப்பட்டியலில் முதலில் காணாமல் போவது அதுதான்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. இதே துறையில் பட்டம் பெற்றுத் தொழில்முறைப் பதிவு பெற்றவர்களை மலாயில் ஜூரு உகோர் பாஹான் என்பார்கள். அதற்கென்று 1967-ஆம் ஆண்டுச் சட்டமும் தனி வாரியமும் உண்டு. அப்படிப்பு நம் ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது. மருத்துவம், பொறியியல் என்ற இரண்டு சொற்களையே சொல்லிப் பிள்ளைகளை வளர்க்கும் நாம், பக்கத்திலிருக்கும் இதன் பெயரைக்கூடச் சொல்வதில்லை. பட்டம் இல்லாமல் கட்டுமானத் தளத்திலிருந்து கற்றுக்கொண்டு மதிப்பீட்டாளர் ஆனவர்களும் உண்டு. என் மாணவர் அந்த வழியில் வந்தவர். இப்போது மாலை நேரத்தில் டிப்ளோமா படிக்கிறார். அந்த அம்மாவுக்கு நான் சொன்ன பதில்: அவர் அளவு நாடாவைத் தூக்கிச் செல்வது உண்மைதான், மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பைத் தூக்கிச் செல்வதில்லையா?

வீட்டைச் சீரமைக்க எண்ணுவோர் சிலவற்றை அறிந்திருப்பது நல்லது. கட்டுமானக் குத்தகையாளர்கள் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சிஐடிபி எனப்படும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். வாரியத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். பின்புறம் நீட்ட ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்று விலைப்பட்டியலில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தகராறு வந்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை 5 ரிங்கிட் கட்டணத்தில் பதியலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். நான் இதை அறிந்தபோது என் மூன்று ஆண்டு முடிந்துவிட்டிருந்தது. ஒரே வரி எழுதிய தாளைக் காட்டி அங்கே என்ன நிரூபித்திருப்பேன் என்பது வேறு கேள்வி.

இன்னொன்று, மதிப்பீட்டாளர் வந்து அளந்து எழுதித் தருவதற்குப் பெரும்பாலும் நாம் காசு கொடுப்பதில்லை. கொடுக்கும் எண்ணமே இல்லாமல் ஐந்து பேரை வரவழைத்து, நேர்மையானவரின் பட்டியலை மலிவானவரிடம் காட்டி விலை குறைக்கச் சொல்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். என் மாணவர் அதையும் சொன்னார், கோபமில்லாமல். எனக்குத்தான் கோபம் வந்தது.

வரும் மாதம் ஒரு சனிக்கிழமை காலை அவர் எங்கள் பள்ளிக்கு வர ஒப்புக்கொண்டிருக்கிறார். ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் முதலில் கண்ணால் பார்த்துச் சிற்றுண்டிச்சாலைத் தரைக்கு எத்தனை பெட்டி டைல்ஸ் என்று எழுதித் தருவார்கள், பிறகே அளப்பார்கள். யாருக்கும் சுழியம் கிடையாது. பள்ளியில் இருப்பது இரண்டே அளவு நாடாக்கள். வீட்டில் 5 மீட்டர் நாடா வைத்திருக்கும் பெற்றோர்கள் பெயர் எழுதி ஒட்டிப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். அன்றே திருப்பி அனுப்பிவிடுகிறேன்.