ரம்போ கத்தி எங்களுக்கு எதுக்கு?

"காட்டில தனிய மாட்டுப்பட்டால் உயிர் தப்ப எந்தக் கத்தி நல்லது?" யூடியூப்பில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் காணொளிகளுக்குக் கணக்கே இல்லை. தாடி வைத்த ஒருவர், பின்னால் பைன் மரக்காடு, மேசையில் பத்துப் பன்னிரண்டு கத்திகள். கடைசியாக அவர் கையில் எடுக்கிற கத்தியின் விலையை இலங்கைக் காசுக்கு மாத்திப் பார்த்தால், எங்களில் கனபேரின் ஒரு மாதச் சம்பளத்தைத் தொட்டு நிற்கும்.

நக்கிள்ஸ் பக்கம் மலையேறவும் கூடாரம் அடிக்கவும் போகிற பெடியளும் பெட்டையளும் இப்ப கூடிக்கொண்டு வருகினம். நல்ல விசயம். அவர்களில் சிலர் முதலில் வாங்குகிற சாமான் கத்திதான். வாங்குங்கோ, வேண்டாம் எண்டு சொல்ல வரேல்லை. ஆனால் நல்ல கத்தி எண்டால் மலிவாகவும் கூராகவும் உங்களுக்கே தீட்டத் தெரிந்ததாகவும் இருந்தால் போதும் என்பது என் கட்சி. அதுக்கு மேல குடுக்கிற காசு கத்திக்கு இல்லை, ஒரு சினிமாப் படிமத்துக்கு.

அந்தப் படிமம் பெரும்பாலும் 1982இல் பிறந்தது. சில்வெஸ்டர் ஸ்ரலோன் நடித்த 'ஃபெர்ஸ்ட் பிளட்' படத்தில் ரம்போ வைத்திருந்த கத்திக்கு முதுகில் வாள் பல், பிடிக்குள் வெற்றுக்குழாய். குழாய்க்குள் ஊசியும் நூலும், மூடியில் திசைகாட்டி. காயத்தை அவரே தைத்துக்கொள்ளும் காட்சி பலருக்கு ஞாபகம் இருக்கும். அதுக்குப் பிறகு உலகம் முழுக்க அதே மாதிரிக் கத்திகள் மலிவாக வந்து குவிந்தன. ஆனால் பிடி வெறுங்குழாய் எண்டால் அலகின் இரும்பு பிடிக்குள் போகாது, இரண்டும் சேருகிற இடத்தில் நின்றுவிடும். மரத்தில் ஓங்கி அடித்தால் முதலில் விடுகிறது அந்த இடம்தான். முதுகிலிருக்கும் வாள் பல்லாலும் மரம் ஒழுங்காக அறுபடாது.

காட்டிலேயே வாழ்கிறவர்கள் என்ன வைத்திருக்கினம் எண்டு பாருங்கோ. போர்னியோவில் பராங், அமேசனில் மஷேற்றி, நேபாளத்தில் குக்ரி. எல்லாமே எளிமையான வெட்டுக்கத்திகள். ஒன்றிலும் திசைகாட்டி இல்லை. எங்கட நாட்டில் காட்டை நன்றாக அறிந்த வேடுவரைப் படங்களில் பார்த்தால் தோளில் தொங்குவது சின்னக் கோடாலி. வன்னியில் விறகுக்கும் வேலிக்கும் எடுப்பது கொல்லர் அடித்த காட்டுக்கத்தி. இவர்களில் ஒருவரும் கத்தி வாங்குமுன் ஒப்பீட்டுக் காணொளி பார்க்கவில்லை. என்ன வேலை செய்யப் போகிறோம் எண்டு அவைக்குத் தெரியும், அவ்வளவுதான்.

சரி, வாங்குகிறவர்கள் எதைப் பார்க்க வேணும்?

முதலாவது, மடக்குக் கத்தியை விட மடங்காத கத்தி நல்லது. மடக்குகிற இடம் எப்பவும் பலவீனம். மண்ணும் ஈரமும் போனால் இறுகும், பூட்டு வழுக்கினால் உங்கட விரலிலேயே மூடும். இரண்டாவது, அலகின் இரும்பு பிடிக்குள் எவ்வளவு தூரம் போகுதோ அவ்வளவுக்கு உறுதி. மூன்றாவது, அலகு 10 முதல் 12 சென்ரிமீற்றர் இருந்தால் போதும். அதை விட நீளமானால் தடி சீவுவது, கயிறு அறுப்பது, மீன் துப்புரவாக்குவது எல்லாம் கரைச்சல். நாலாவது, உறை. கத்தி தானாக விழாமலும், நீங்கள் விழுந்தால் உங்களைக் குத்தாமலும் உறை பிடித்து வைக்க வேணும்.

சுவீடனில் மோறா எண்டொரு ஊர் இருக்கு. அங்கே செய்கிற 'கொம்பானியன்' கத்திக்கு அலகு 10 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் கூட, பிளாஸ்ரிக் உறை, ரப்பர் பிடி. பார்க்க மீன்கடைக் கத்தி மாதிரித்தான் இருக்கும். இரும்பு பிடியின் அடிவரை போவதுமில்லை. எண்டாலும் காட்டுப் பயிற்சி குடுக்கிறவர்கள் கனபேர் முதல் கத்தியாக இதைத்தான் சொல்லுகினம். காரணம், விலை குறைவு, பெட்டியிலிருந்து எடுக்கும்போதே கூர்.

இரும்பு விசயத்திலும் பெரிய மர்மம் இல்லை. காபன் உருக்கு லேசாகத் தீட்டுப்படும், ஆனால் கெதியாகக் கறள் பிடிக்கும். கறள் பிடிக்காத உருக்கு அதை விடக் கொஞ்சம் மினக்கெட வைக்கும். கடற்கரைக் காத்தும் புழுக்கமும் உள்ள இடத்தில் இருக்கிறவர்கள், துடைத்து எண்ணெய் பூசப் பஞ்சிப்படுகிறவர்கள் எண்டால் இரண்டாவதை எடுங்கோ. வறண்ட காட்டில் முள்ளுப் பத்தைக்குள்ளால போகிறவர்களுக்கு ஊர்க் கொல்லரிடம் லொறி வில்லுத்தகட்டில் அடித்த கத்தியை விடத் தோதானது கிடையாது. வில்லுத்தகடு நல்ல காபன் உருக்கு. பழுதானால் செய்தவரிடமே திரும்பக் கொண்டுபோகலாம்.

எந்தக் கத்தியாக இருந்தாலும் தீட்டத் தெரியாவிட்டால் இரண்டு மாதத்தில் அது வெறும் தகடு. மொட்டைக் கத்திக்கு அமத்திப் பலம் குடுக்க வேணும், அமத்தினால் வழுக்கும். அதனால் கூரான கத்தியை விட மொட்டைக் கத்தியே ஆபத்து. இருந்துகொண்டு தடி சீவும்போது இரண்டு தொடைக்கும் நடுவில் வைத்து ஒருநாளும் வெட்டாதேங்கோ. தொடையின் உள்பக்கம் பெரிய நாடி ஓடுது. அது அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போகலாம், ஆஸ்பத்திரியோ மணித்தியாலக் கணக்கில் தூரம்.

இடுப்பில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறவும் வேண்டாம். உறையோடு பையின் அடியில் வையுங்கோ. ரம்போ கத்தியோடு நிற்கிற தமிழ்ப் பெடியன் பொலிஸுக்கு விளக்கம் சொல்லி முடிக்க ஒரு நாள் போகும். தேசியப் பூங்காவிலும் பாதுகாக்கப்பட்ட காட்டிலும் மரம் வெட்டுவது குற்றம். பழகுவதற்கு வீட்டு வளவில் விழுந்த கொப்பு காணும்.

ஒரு கத்தி உண்மையில் எவ்வளவு உதவும்? இரண்டு கதைகள் சொல்லுறன்.

2003 ஏப்ரலில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பள்ளத்தாக்கு ஒன்றில் ஆரன் ரால்ஸ்ரனின் வலது கை ஒரு பெரிய பாறைக்குள் மாட்டுப்பட்டது. அவரிடம் இருந்தது மொட்டையான ஒரு மலிவுப் பல்கருவி. ஐந்து நாளுக்குப் பிறகு அதாலேயே தன் கையை வெட்டி எடுத்து உயிர் தப்பினார். ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த '127 ஹவர்ஸ்' இந்தக் கதைதான். கத்தி இல்லாவிட்டால் அவர் செத்திருப்பார், அதை மறுக்க ஏலாது. ஆனால் அவர் எங்கே போகிறார் எண்டு ஒருவருக்கும் சொல்லிவிட்டுப் போகவில்லை. சொல்லியிருந்தால் தேடுகிறவர்களுக்கு எங்கே தேடுவது எண்டாவது தெரிந்திருக்கும்.

1971 டிசம்பர் 24. பெரு நாட்டின் மழைக்காட்டுக்கு மேல் ஒரு விமானம் வானத்திலேயே உடைந்தது. 17 வயதுப் பெண் ஜூலியானே கோப்கே மட்டும் உயிரோடு தப்பினார். கையில் கத்தி இல்லை, ஒரு பை இனிப்பு மட்டும். ஓடையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஓடுகிற பக்கம் போனால் ஆறு வரும், ஆறு போகிற இடத்தில் ஆக்கள் இருப்பினம் எண்டு அவருக்குத் தெரிந்திருந்தது. விலங்கியலாளர்களான தாய் தகப்பனோடு அந்தக் காட்டில் வாழ்ந்த பிள்ளை அவர். 11ஆம் நாள் மனிதர்களைக் கண்டார்.

உயிர் தப்புவது எண்டால் ஒற்றை ஆம்பிளை, ஒரு கத்தி, ஒரு காடு எண்டு அந்தக் காணொளிகள் காட்டுகின்றன. எங்களுக்கு அதை வெளியாக்கள் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. வன்னியில் இடம்பெயர்ந்த சனத்திடம் அப்ப என்ன கொண்டுபோனீங்கள் எண்டு கேட்டுப் பாருங்கோ. தறப்பாள், பானை, வாளி, கயிறு, கத்தி. அந்தக் கத்திதான் கொட்டிலுக்குத் தடி வெட்டினது, தேங்காய் உடைத்தது, மரக்கறி அரிந்தது. பெரும்பாலும் அது அம்மாவின் கையில் இருந்தது. அதை ஒருவரும் உயிர்காக்கும் கத்தி எண்டு சொல்லவில்லை.

ஆகவே கத்திக்கு ஒதுக்கி வைத்த காசில் பாதிக்குக் கத்தி வாங்குங்கோ. மிச்சத்துக்குத் தீட்டுக்கல்லும், பெரிய தண்ணீர்ப் போத்தலும், ஒரு துண்டுத் தறப்பாளும், இரண்டு லைற்றரும். போகுமுன், எந்தப் பாதையால போறியள், எத்தனை மணிக்குத் திரும்புவியள் எண்டு வீட்டில ஒராளுக்குச் சொல்லிப்போட்டுப் போங்கோ. அதுக்குக் காசும் வேண்டாம்.