பரிசோதனைக்கு யார் பணம் தருவது?

2024 ஜூலை 23 அன்று தாக்கலான ஒன்றிய வரவு செலவுத் திட்டம் மூன்று புற்றுநோய் மருந்துகளுக்குச் சுங்க வரியை முற்றிலும் நீக்கியது. அவற்றுள் ஒன்று நுரையீரல் புற்றுநோய்க்குரிய ஒசிமெர்டினிப். அடுத்த சில மாதங்களில் அதன் ஜி.எஸ்.டி.யும் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. வரிக்குறைப்பு வரவேற்கத்தக்கதே. ஆயினும், அம்மருந்து எந்த நோயாளிக்கு உரியது என்பதைக் கண்டறியும் பரிசோதனைக்கு யார் பணம் தருவது என்னும் கேள்வி, மருந்து விலை பற்றிய ஆரவாரத்தில் அமுங்கிப்போகிறது.

இலக்குசார் மருந்துகள் எல்லா நுரையீரல் புற்றுநோய்க்கும் பயன்படுவன அல்ல. புற்றணுக்களில் இ.ஜி.எஃப்.ஆர். போன்ற மரபணுவில் குறிப்பிட்ட மாற்றம் நிகழ்ந்திருந்தால்தான் அவை வேலை செய்யும். இம்மாற்றம் பெற்றோரிடமிருந்து வருவதன்று. பெரும்பாலும் கட்டியில் மட்டுமே தோன்றுவது. கட்டியின் திசுவையோ, இரத்தத்தில் கலந்த கட்டியின் டி.என்.ஏ.வையோ சோதிக்காமல் அதை அறிய வழியில்லை. இந்திய ஆய்வுகள் பலவற்றின்படி, அடினோகார்சினோமா வகை நோயாளிகளுள் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் உண்டு.

‘நோயாளி பெண், புகைபிடிக்காதவர், சோதனை வேண்டாம், மாத்திரையைத் தொடங்கலாம்’ என்று ஊகத்தால் முடிவெடுப்போர் 2009-இல் வெளியான ஐபாஸ் ஆய்வை மறந்துவிடுகின்றனர். கிழக்காசியாவில் 1,217 பேரிடம் நடந்த அவ்வாய்வு, புகைப்பழக்கம் இல்லாத அல்லது குறைவாகப் புகைத்த நோயாளிகளையே தேர்ந்தெடுத்தது. அப்படித் தேர்ந்தும், மரபணு முடிவு கிடைத்த 437 பேரில் 176 பேருக்கு அந்த மாற்றம் இல்லை. மாற்றம் உள்ளவர்களில் ஜெஃபிடினிப் மருந்துக்கு 71 விழுக்காட்டினரின் கட்டி சுருங்கியது. மாற்றம் இல்லாதவர்களில் 1 விழுக்காட்டினருக்கே சுருங்கியது. பின்னவர்க்குக் கீமோதெரபியே மேலான சிகிச்சை. ஆகவே சோதிக்காமல் மாத்திரை தருவது ஏழை நோயாளிக்குச் செய்யும் சலுகையாகாது. உரிய சிகிச்சைக்கான மாதங்களைப் பறிப்பதாகும்.

‘வாங்க முடியாத மருந்துக்குச் சோதனை எதற்கு?’ என்பது இன்னொரு வாதம். ஒசிமெர்டினிப்புக்கு இவ்வாதம் ஓரளவு பொருந்தலாம். ஆனால் ஜெஃபிடினிப் இந்திய நிறுவனங்களின் தயாரிப்பாகப் பல மடங்கு மலிவில் கிடைக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் எர்லோடினிப்பை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தபோது, அதற்கு மாற்றாக ஜெஃபிடினிப்பையும் ஏற்றது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 350 பேரிடம் நடத்திய ஆய்வில், ஜெஃபிடினிப்புடன் கீமோதெரபியையும் சேர்த்தபோது, நோய் முற்றாமல் இருந்த இடைநிலைக் காலம் 8 மாதங்களிலிருந்து 16 மாதங்களாக உயர்ந்தது. பக்க விளைவுகளும் கூடின என்பது உண்மை. இம்மருந்துகள் முற்றிய நோயைக் குணப்படுத்துவதில்லை என்பதும் உண்மை. ஆயினும் எளிய குடும்பத்திற்கும் எட்டக்கூடிய இந்த எட்டு மாதங்களுக்கு வாயில், மரபணுச் சோதனை ஒன்றே.

அவ்வாயில் பலருக்குத் திறப்பதே இல்லை. இருமலும் மார்பு நிழற்படமும் காசநோயை ஒத்திருப்பதால் மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை விழுங்கியவர்கள் பலர். பயாப்ஸி எடுத்தாலும், கிடைக்கும் சிறு திசு, நோயின் வகையை அறிவதற்குள்ளேயே தீர்ந்துபோவதுண்டு. எஞ்சிய திசுவைத் தனியார் ஆய்வகத்திற்கு அனுப்பும் செலவு நோயாளியின் தலையில் விழுகிறது. குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் உறுதியளிக்கும் ஆயுஷ்மான் பாரத் திட்டம், உள்நோயாளிச் சிகிச்சையை மையமாகக் கொண்டது; சேர்க்கைக்கு முந்தைய 3 நாள்களின் செலவையே ஏற்கிறது. மரபணுச் சோதனையோ புறநோயாளி நிலையில் தொடங்கி, முடிவு வர ஒன்றிரண்டு வாரம் ஆகும். சிகிச்சையைத் தீர்மானிக்கும் செலவு இவ்வாறு சிகிச்சைத் திட்டத்திற்கு வெளியே நிற்கிறது.

கருவி இல்லை என்பது இனிச் செல்லாது. கோவிட் காலத்தில் நாடெங்கும் நிறுவப்பட்ட ஆர்.டி.-பி.சி.ஆர். கருவிகளின் தொழில்நுட்பமே இ.ஜி.எஃப்.ஆர். மாற்றத்தையும் கண்டறியப் பயன்படுகிறது. ஏ.எல்.கே. மாற்றத்தைத் திசுச் சாயச் சோதனையால் அறியலாம். வேண்டியவை சோதனைக்கருவித் தொகுப்புகள், பயிற்சி பெற்ற நோயியல் வல்லுநர்கள், தர மேற்பார்வை, தொடர் நிதி. தேசியப் புற்றுநோய்க் கூட்டமைப்பு மருந்துகளை ஒருங்கே கொள்முதல் செய்து விலையைக் குறைத்துக் காட்டியுள்ளது. அதே வழியில் சோதனைக்கருவிகளையும் ஏன் வாங்கக் கூடாது?

‘துல்லிய மருத்துவம்’ என்று கருத்தரங்கு நடத்தும் பல்கலைக்கழகங்களும் இதில் பொறுப்பேற்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் பயாப்ஸி முடிந்த நுரையீரல் புற்றுநோயாளிகளுள் எத்தனை பேருக்கு மரபணுச் சோதனை நடந்தது, முடிவு எத்தனை நாளில் வந்தது, பணம் யார் கட்டினார் என்பவையும் ஆய்வேட்டுக்குரிய கேள்விகளே. அரசு செய்ய வேண்டியதும் தெளிவானது: இச்சோதனையை மருந்தின் துணைச்செலவாகக் கருதாமல், நோயறிதலின் பகுதியாக அறிவித்து, ஒவ்வொரு நோயாளிக்கும் கட்டணமின்றிச் செய்ய வேண்டும்.