சி61 அறிக்கையை வெளியிடுங்கள்

2026 ஜனவரி 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பிஎஸ்எல்வி-சி62, 16 செயற்கைக்கோள்களோடு வீணாகிப்போனது. கோளாறு மூன்றாவது கட்டத்தில். எட்டு மாதங்களுக்கு முன், 2025 மே 18 அன்று சி61 தோற்றதும் அதே மூன்றாவது கட்டத்தில்தான். இஸ்ரோவின் நம்பிக்கைக்குரிய ராக்கெட் அடுத்தடுத்து இருமுறை தவறியது வருத்தமே. கோபம் வருவது வேறொன்றுக்காக. சி61 ஏன் விழுந்தது என்று ஆராய்ந்த குழுவின் அறிக்கையை நாட்டு மக்களுக்குக் காட்டாமலேயே சி62-ஐ ஏவினார்கள். 1979 ஆகஸ்டில் இஸ்ரோவின் எஸ்எல்வி-3 ராக்கெட் கடலில் விழுந்ததையும் 1980 ஜூலையில் வென்றதையும் நம் பள்ளி மேடைகள் ஓயாமல் சொல்கின்றன. அந்தத் திட்டத்தை வழிநடத்திய அப்துல் கலாமின் மன உறுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, இடைப்பட்ட பதினொரு மாதங்களில் குறையைத் தேடிக் கண்டுபிடித்த உழைப்பை விட்டுவிடுகிறோம். தோல்வியிலிருந்து கற்பது என்பது அந்த உழைப்புதான்.

அதை எப்படிச் செய்வது என்பதற்கு ஏரியான்-5 போல வேறொரு சான்று இல்லை. ஐரோப்பாவின் அந்த ராக்கெட் 1996 ஜூன் 4 அன்று முதல் பயணத்திலேயே, கிளம்பிய 40 விநாடிகளுக்குள் வெடித்துச் சிதறியது. கணித அறிஞர் ழாக்-லூயி லியோன்ஸ் தலைமையிலான குழு ஜூலை 19-லேயே அறிக்கை தந்துவிட்டது. வெறும் 45 நாட்கள்! ஏரியான்-4-க்கு எழுதிய மென்பொருளை அப்படியே எடுத்துப் பொருத்தியிருந்தார்கள். புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம். 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள் அடக்க முடியாமல் வழிகாட்டும் கணினி நின்றது. மாற்றாக வைத்திருந்த கணினியிலும் அதே மென்பொருள் என்பதால் அதுவும் நின்றது. அந்தக் கணக்கோ ராக்கெட் கிளம்பிய பிறகு தேவையே இல்லாதது. இத்தனை சங்கடமான உண்மையையும் ஊரறியச் சொன்னதால்தான் இன்றும் மென்பொருள் வகுப்புகளில் அது பாடமாக இருக்கிறது. 2021-ல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியைச் சுமந்து சென்றதும் அதே ஏரியான்-5.

இஸ்ரோவுக்கும் இந்தப் பழக்கம் இருந்தது. 2022 ஆகஸ்டில் அதன் சிறிய ராக்கெட்டான எஸ்எஸ்எல்வி முதல் பயணத்தில் தவறியபோது, இரண்டாம் கட்டம் பிரிந்த அதிர்வில் வேக மாற்றத்தை அளக்கும் ஆறு முடுக்கமானிகளும் பழுதாகிவிட்டதாகக் கணினி தவறாகத் தீர்மானித்ததை இஸ்ரோவே விளக்கி வெளியிட்டது. 2023 பிப்ரவரியில் அடுத்த எஸ்எஸ்எல்வி வென்றது. குறையை வெளியில் சொன்னபோது அடுத்தது பறந்தது. மூடிவைத்தபோது அடுத்ததும் விழுந்தது. இதைத் தற்செயல் என்று நான் ஏற்கமாட்டேன். வெளியார் கண் படாத அறிக்கையில் அரைகுறை விடைகள் எளிதாகத் தப்பிவிடுகின்றன.

நாட்டின் பாதுகாப்பு என்பார்கள். சி61 சுமந்த ரேடார் செயற்கைக்கோள் எல்லைக் கண்காணிப்புக்கு உதவக்கூடியது என்பது சரி. நாம் கேட்பது ராக்கெட்டைப் பற்றி. பிஎஸ்எல்வியின் மூன்றாவது கட்டம் திட எரிபொருளில் இயங்குவது. எஸ்எஸ்எல்வியின் முதல் மூன்று கட்டங்களும் அப்படியே. எஸ்எஸ்எல்வியின் குறையைச் சொன்னதால் எந்த ரகசியம் எதிரிக்குப் போய்விட்டது? விஞ்ஞானிகள் மனம் சோர்ந்துவிடும் என்ற வாதம் அவர்களைச் சிறுபிள்ளைகளாக்குகிறது. அதற்குப் பதில் தேவையில்லை. சி62-ல் தனியாரும் வெளிநாட்டாரும் அனுப்பிய செயற்கைக்கோள்கள் இருந்தன. முந்தைய ராக்கெட்டுக்கு என்ன நேர்ந்தது என்பதை அறியும் உரிமை அவர்களுக்கும், வரி கட்டும் நமக்கும் உண்டு. விமான விபத்துக்கு 30 நாட்களில் முதற்கட்ட அறிக்கை என்பது உலக நியதி. ராக்கெட் தோல்விக்கும் அப்படியொரு கெடுவைச் சட்டமாக்க வேண்டும். சி61, சி62 இரண்டின் அறிக்கைகளும் நாடாளுமன்றத்தில் வைக்கப்படும்வரை இன்னொரு பிஎஸ்எல்வி கிளம்பக் கூடாது.