தமிழ் யாருடைய பெயர்?

கிழக்கிலங்கையின் கல்முனைப் பகுதியில், பெரியநீலாவணையிலோ பக்கத்து மருதமுனையிலோ ஒருவர் "மறுகா வாறன்" (பிறகு வருகிறேன்) என்றால், அவர் கோயிலுக்குப் போகிறவரா பள்ளிவாசலுக்குப் போகிறவரா என்று அந்தச் சொல்லை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. தாய்வழியில் வரும் குடி முறைகூட இரு பகுதியாருக்கும் உண்டு. ஆனால் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் அட்டவணையில் இந்த மண் 'கல்முனை தமிழ்', 'கல்முனை முஸ்லிம்' என்று இரண்டாகக் கிடக்கிறது. ஒன்று மொழியின் பெயர், மற்றது மார்க்கத்தின் பெயர். இரண்டையும் எதிரெதிரே நிறுத்தியதும், பிறந்தது முதல் தமிழ் பேசுகிற முஸ்லிமுக்குத் தமிழ் அடுத்த வீட்டாரின் சொத்தாகிவிடுகிறது. மனுவிலும் படிவத்திலும் வருசக்கணக்காக இதையே எழுதுகிறவர் நாளடைவில் அப்படியே நினைக்கவும் பழகிவிடுகிறார்.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. தனிச் சிங்களக் கோஷம் உச்சத்தில் இருந்த 1956 தேர்தலில் தமிழரசுக் கட்சி முன்வைத்த சொல் 'தமிழ் பேசும் மக்கள்'. அந்தக் கட்சியில் நின்றே கல்முனையில் எம்.எஸ். காரியப்பரும் பொத்துவிலில் எம்.எம். முஸ்தபாவும் வென்றார்கள். பின்னர் இருவரும் விலகிப்போனார்கள் என்பதும் உண்மை. முஸ்லிம்கள் தாமே வேண்டித்தானே தனிப்பெயர் கொண்டார்கள் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. சோனகர் எனப்படும் இலங்கை முஸ்லிம்கள் இனத்தால் தமிழரே என்று வாதிட்ட, தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனின் கட்டுரை 1888இல் வெளியானது, முஸ்லிம்களுக்குச் சட்டசபையில் தனிப் பிரதிநிதி வேண்டுமா என்ற கேள்வி எழுந்திருந்த காலத்தில். 1907இல் முஸ்லிம் அறிஞர் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்து எழுதினார். மொழியைக் காட்டி ஒரு சமூகத்தை விழுங்கப் பார்த்ததும் மொழி அரசியல்தான். அஸீஸின் கோபத்தில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் ஒரு சமூகம் தனக்குப் பெயர் வைத்துக்கொள்வது வேறு, அரசாங்கம் ஊரின் மேல் அந்தப் பெயரை எழுதி எல்லை போடுவது வேறு.

பிரச்சினை அதிகாரத்தில் இருக்கிறது, சொல்லில் என்ன இருக்கிறது என்பார்கள். அட்டவணையில் 'கல்முனை தமிழ்' என்று வரும் பிரிவுக்கான கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைப் பாருங்கள். அதை முழுப் பிரதேச செயலகமாகத் தரமுயர்த்தக் கோரி 2019 ஜூனில் உண்ணாவிரதம் நடந்தது. எழுந்த கேள்விகள் மிகச் சாதாரணமானவை: தனிக் கணக்காளர் உண்டா, எல்லை எந்த வீதியால் போகும், காணி யார் பொறுப்பில்? மேசையில் உட்கார்ந்து தீர்க்கக்கூடியவை. 'தமிழ்ச் செயலகம்' என்று பேசத் தொடங்கியதும் கணக்காளர் நியமனம் ஓர் இனத்தின் வெற்றியாகவும் மற்றதன் தோல்வியாகவும் மாறிவிட்டது. முஸ்லிம்களின் பயம் பொய்யல்ல. நகரின் கடைத்தெரு கைமாறிவிடுமோ என்ற கவலை அதில் இருக்கிறது. அந்தக் கவலையையும் வீதிப் பெயர் சொல்லித்தான் பேச வேண்டும். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, நற்பிட்டிமுனை என்று நமக்கு ஊர்ப்பெயர்கள் இருக்கின்றன. அரசாங்கப் படிவத்தில் அவற்றை எழுதட்டும்.