வவுச்சர் இல்லாத தியானம்

'ஒரே டென்ஷன் சார், தியானம் ஏதாவது சொல்லுங்களேன்' என்று கேட்காத ஆபீஸ் இளைஞர் அபூர்வம். கேட்கும்போதே அவர் கை டூர் பில்லில், பஸ்ஸில் போனதற்கு ஆட்டோ சார்ஜ் எழுதிக்கொண்டிருக்கும். மனசு எப்படி சார் அடங்கும்?

புத்தர் இந்த விஷயத்தில் கறார். பயிற்சி மூன்று என்றார்: சீலம், சமாதி, பஞ்ஞா. அதாவது ஒழுக்கம், மன ஒருமை, உள்ளதை உள்ளபடி பார்க்கும் அறிவு. இமயமலைச் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதை நடத்திக் காட்டிய ஒருவர் நம் இனம். ஆபீஸ்காரர்!

பெயர் ஊ பா கின். 1899-ல் ரங்கூனில் பிறந்தவர். பர்மா அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸில் குமாஸ்தாவாக நுழைந்தார். 1937-ல் சயா தெட்ஜி என்ற விவசாயியிடம் விபஸ்ஸனா தியானம் கற்றார். 1948 ஜனவரி 4-ல் பர்மா சுதந்திரம் அடைந்தது. அந்நாட்டின் முதல் அக்கவுண்டன்ட் ஜெனரல் இவர்தான். 1950-ல் அந்த ஆபீஸிலேயே ஊழியர்களுக்கு ஒரு விபஸ்ஸனா சங்கம். 1952-ல் ரங்கூனில் தியான மையம். காவி கட்டவில்லை, குடும்பத்தை விட்டு ஓடவில்லை. 1967-ல் ரிடையர் ஆகும்வரை ஃபைலும் பார்த்தார், தியானமும் சொல்லிக் கொடுத்தார்.

1955-ல் அவரிடம் கோயங்கா என்ற வியாபாரி வந்தார். ஒற்றைத் தலைவலி; மார்ஃபின் ஊசிவரை போன கேஸ். தலைவலி தீர வேண்டும் என்றதும் ஊ பா கின் சேர்க்க மறுத்துவிட்டார். மனசைச் சுத்தம் செய்வதுதான் இங்கே வேலை, வைத்தியம் அல்ல என்பது அவர் கட்சி. பிறகு அதற்கே சம்மதித்துச் சேர்ந்தார் கோயங்கா. தலைவலி போனது உபரி லாபம்! அவர் 1969-ல் இந்தியா வந்து, 2013-ல் மறையும்வரை இதைப் பரப்பினார். சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்திலும் மையம் உண்டு.

பத்து நாள் வகுப்பு. கண்ணை மூடுமுன் ஐந்து உறுதிமொழி: கொலை, களவு, பொய், பாலுறவு, போதை கூடாது. பேசவே தடை என்பதால் பொய்க்கு வழியும் இல்லை. முதல் மூன்று நாள் மூச்சைக் கவனிப்பது மட்டும். நாலாம் நாள் முதல் உடம்பில் எழும் அரிப்பு, வலி, சூடு எல்லாவற்றையும் சொறியாமல், சபிக்காமல் பார்ப்பது. வந்தது போகிறது என்று அனுபவத்தில் தெரிவதுதான் பஞ்ஞா. மேனேஜர் கத்தும்போது நெஞ்சில் ஏறும் சூட்டுக்கும் இதே சட்டம்தான்.

பி.காம். பாஷையில் சொன்னால், சீலம் வவுச்சர், சமாதி லெட்ஜர், பஞ்ஞா பேலன்ஸ் ஷீட். போலி வவுச்சரை வைத்து லெட்ஜரை முத்து முத்தாக எழுதினாலும் ஆடிட்டர் வந்தால் வயிற்றைக் கலக்கும். பொய் சொன்னவர் கண்ணை மூடினால் மூச்சா தெரியும்? யாரிடம் என்ன சொன்னோம் என்ற லிஸ்ட்தான் ஓடும்.

ஆகவே டென்ஷன் பார்ட்டிகளே, பத்து நாள் லீவ் கிடைக்காவிட்டால் பரவாயில்லை. அடுத்த டூர் பில்லில் பஸ்ஸுக்கு பஸ் என்றே எழுதுங்கள். நூறு ரூபாய் நஷ்டம், ராத்தூக்கம் லாபம். ஒரே ஊருக்குக் கூடவே வந்து ஆட்டோ என்று எழுதிய பக்கத்து சீட்காரர்தான் முறைப்பார். கஷ்டமே அங்கேதான் இருக்கிறது.

அதையும் சும்மா பாருங்கள். வந்தது போகும்.