இல்லாத பணத்துக்கும் பிடித்தம்

பணம் இல்லை என்பதற்காகவே பணம் பிடிக்கும் இடம் வங்கி. கந்துவட்டிக்காரர்கூட முதலில் கடனைக் கொடுத்துவிட்டுத்தான் வட்டி கேட்டு வாசலில் வந்து நிற்பார். வங்கி எதையும் கொடுக்க வேண்டியதில்லை. நம் கணக்கில் ஐந்நூறோ ஆயிரமோ குறைந்தால் போதும், 'மினிமம் பேலன்ஸ்' இல்லை என்று அபராதம். அந்த அபராதத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு.

இது ஏதோ சில்லறை விவகாரம் என்று நினைத்துவிட வேண்டாம். பாரத ஸ்டேட் வங்கி 2017 ஏப்ரலில் இந்த அபராதத்தை மீண்டும் கொண்டுவந்தது. நவம்பர் வரையிலான எட்டு மாதங்களில் அது வசூலித்தது 1,771 கோடி ரூபாய். அதே ஆண்டு ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் அதன் நிகர லாபமே சுமார் 1,581 கோடிதான். கடும் எதிர்ப்புக்குப் பிறகு 2020 மார்ச்சில் அபராதத்தைக் கைவிட்டது. மற்ற வங்கிகள் அப்போது விடவில்லை. 2018 முதல் பொதுத்துறை வங்கிகளும் ஐந்து பெரிய தனியார் வங்கிகளும் குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்காக மட்டும் 21,000 கோடிக்கு மேல் வசூலித்திருப்பதாக ஒன்றிய நிதி அமைச்சகம் 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் சொன்னது. எஸ்எம்எஸ் கட்டணம் 6,254 கோடி தனி. பணத்தைப் பிடித்துவிட்டோம் என்று நமக்குச் சொல்வதற்கும் நம்மிடமே காசு!

'இருப்பு வைக்கும் ஒழுங்கு வாடிக்கையாளருக்கு வேண்டாமா?' என்று கேட்கிறார்கள். ஒழுங்கைப் பற்றியே பேசுவோம். நான் முனைவர் பட்ட ஆய்வாளன், பட்டியலின மாணவர்களுக்கான தேசிய ஆய்வு உதவித்தொகையில் படிப்பவன். இளநிலை ஆய்வாளருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் என்பது தாளில் இருக்கும் தொகை. அது மாதாமாதம் வந்ததாக எனக்கு நினைவில்லை. நான்கைந்து மாதம் எதுவும் வராது, பிறகு ஒருநாள் மொத்தமாக விழும். இடையில் விடுதி மெஸ் பில், வீட்டுக்கு அனுப்புவது, களப்பணிக்குப் பேருந்துக் கட்டணம் எல்லாம் கைமாற்றில்தான் ஓடும். கணக்கு துடைத்து வைத்ததுபோல் இருக்கும். பணம் அனுப்ப வேண்டிய அரசு தாமதித்ததற்கு எனக்கு ஒரு பைசா வட்டி கிடையாது. அந்தத் தாமதத்தால் கணக்கு காலியானதற்கு நான் வங்கிக்கு அபராதம் கட்ட வேண்டும்.

வசூலிக்கும் விதத்தைப் பாருங்கள். செயலியைத் திறந்தால் 'இருப்பு' என்று ஒரு தொகை, 'எடுக்கக்கூடிய இருப்பு' என்று வேறொரு தொகை. நடுவில் 'லீன்' என்று ஒரு சொல். கணக்கில் பிடிக்க எதுவுமில்லாத மாதங்களின் அபராதமெல்லாம் அந்தச் சொல்லுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டே இருக்கும். உதவித்தொகை வந்து விழுந்த நிமிடமே வங்கி தன் பங்கை எடுத்துக்கொள்ளும். எனக்கு முன்னால் என் பணத்தைத் தொடுவது அதுதான். கிளையில் போய்க் கேட்டேன். "சிஸ்டமே எடுத்துக்குது தம்பி, எங்க கையில ஒண்ணுமில்ல" என்றார் கவுண்டரில் இருந்தவர்.

அந்த சிஸ்டத்துக்கும் விதி உண்டு. ரிசர்வ் வங்கி 2014 நவம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, இருப்பு குறைந்தால் வாடிக்கையாளருக்கு முதலில் தகவல் சொல்லி, அதைச் சரிசெய்ய ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும். அபராதத்தால் மட்டுமே ஒரு சேமிப்புக் கணக்கு பூஜ்ஜியத்துக்குக் கீழே போகக் கூடாது. இந்த 'லீன்' என்பது அந்த விதியை எழுத்தில் காப்பாற்றிக்கொண்டு நடப்பில் மீறும் வழி என்றே நான் சொல்வேன். கணக்கு மைனஸில் போகவில்லை, ஆனால் கடன் மட்டும் காத்திருக்கிறது.

ஜீரோ பேலன்ஸ் கணக்குதான் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் வளாகத்துக் கிளையில் சேர்க்கை நாளன்று வரிசையில் நிற்கும் பிள்ளையிடம் யாரும் அதைப் பற்றிச் சொல்வதில்லை. நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போட்டால் சாதாரண சேமிப்புக் கணக்குதான். ஜீரோ பேலன்ஸ் கணக்கு கிடைத்தவர்களும் தப்பவில்லை. மாதம் நான்கு முறைக்கு மேல் பணம் எடுத்தால், ஒவ்வொரு முறைக்கும் 17.70 ரூபாய் வீதம் பாரத ஸ்டேட் வங்கி பிடித்தது. யுபிஐ-யில் டீக்கு அனுப்பிய பத்து ரூபாயும் அப்போது இந்தக் கணக்கில் சேர்ந்தது. 2015 முதல் 2020 வரை இப்படி வசூலானது 300 கோடிக்கு மேல் என்று மும்பை ஐஐடி ஆய்வு 2021இல் வெளிக்கொண்டுவந்தது.

அரசும் வங்கியும் மனது வைத்தால் யாருடைய பணம் எது என்று சிஸ்டத்துக்குத் தெரியாதா? 2021இல் நூறு நாள் வேலைக் கூலியைப் பட்டியல் சாதி, பழங்குடி, மற்றோர் என்று பிரித்து அனுப்பச் சொன்னது ஒன்றிய அரசு. ஒரே ஏரியில் சேர்ந்து மண் வெட்டியவர்களுக்குக் கூலி வெவ்வேறு நாளில் வந்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகே அதைக் கைவிட்டார்கள். சாதி பார்த்துக் கூலியைப் பிரிக்கத் தெரிந்த கணினிக்கு, இது உதவித்தொகைக் கணக்கு, இதில் கை வைக்கக் கூடாது என்று மட்டும் தெரியாது என்கிறார்கள். உதவித்தொகைக்கும் அரசுத் திட்டங்களுக்கும் திறந்த ஜீரோ பேலன்ஸ் கணக்குகளைத் தனியே பிரித்துக் குறித்துவையுங்கள், இரண்டு ஆண்டு வரவு செலவு இல்லாவிட்டாலும் அவற்றை முடக்காதீர்கள் என்று ரிசர்வ் வங்கி 2024 ஜனவரியிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. குறித்துவைக்க வழி இருக்கிறது என்றால், உதவித்தொகை வந்து விழும் எந்தக் கணக்குக்கும் அபராதம் இல்லை என்று அறிவிக்க என்ன தடை?

2025இல் கனரா, பஞ்சாப் நேஷனல், இந்தியன் வங்கி எனப் பல பொதுத்துறை வங்கிகள் அபராதத்தை நீக்கியிருக்கின்றன. அதே ஆகஸ்டில் ஐசிஐசிஐ, பெருநகரங்களில் தொடங்கும் புதிய கணக்குக்கு 50,000 ரூபாய் சராசரி இருப்பு வேண்டும் என்றது. சத்தம் எழுந்ததும் சில நாட்களில் 15,000 ஆகக் குறைத்தது. ஆக, சத்தம் போட்டால் இறங்குகிறார்கள். ஆனால் ரிசர்வ் வங்கி ஆளுநரோ இது வங்கிகளின் சொந்த முடிவு என்று ஒதுங்கிக்கொண்டார். தனியார் வங்கியில் கணக்கு வைத்திருக்கும் மாணவர் யாரிடம் போவது?

எங்கள் விடுதியில் ஆறு பேர் சேர்ந்து மனு எழுதினோம். கேட்டவை இரண்டு: கணக்கை ஜீரோ பேலன்ஸ் கணக்காக மாற்ற வேண்டும், முன்தகவல் இல்லாமல் பிடித்த தொகையைத் திருப்பித் தர வேண்டும். வாயால் சொன்னால் சிஸ்டத்தைக் காட்டுவார்கள். எழுத்தில் கொடுத்து, தேதியோடு முத்திரை வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையவழியில் புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது. எங்களில் நான்கு பேருக்குப் பணம் திரும்பி வந்திருக்கிறது. மற்ற இருவருக்காக இந்த வாரம் குறைதீர்ப்பாளருக்கு எழுதுகிறோம்.