சப்பங்கம்: சிவப்பு தரச்சான்று ஆகாது

சப்பங்கம், பதிமுகம், பதங்கம் என்றெல்லாம் வழங்கும் மரம் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தென்கிழக்காசியாவிலும் வளர்வது; அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த, முள் செறிந்த இச்சிறு மரத்தின் வைரப்பகுதி, அதாவது தண்டின் நடுவே முற்றி இறுகிய கட்டை, பல நூற்றாண்டுகளாகச் சாயத்துக்கும் மருந்துக்கும் பயன்பட்டுவருகிறது. கேரளத்து வீடுகளில் தாகம் தணிக்கக் காய்ச்சும் இளஞ்சிவப்புத் தண்ணீருக்கும், ஜாவாவில் இஞ்சியும் கிராம்பும் கூட்டிக் காய்ச்சும் ‘வெடாங் உவூ’ என்ற பானத்துக்கும் நிறம் தருவது இதன் சீவலே. பயன்கள் பலவானாலும் கட்டையின் தரத்தைக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பைக் கொண்டு மதிப்பிடும் வழக்கம் மருந்து செய்வோரிடமும் சாயமிடுவோரிடமும் ஒருங்கே காணப்படுகிறது. அவ்வழக்கத்துக்கு வேதியியலில் போதிய ஆதாரம் இல்லை.

புதிதாக வெட்டிய வைரக்கட்டை மஞ்சள் கலந்த வெளிர்நிறத்தில் இருந்து, காற்றுப் படப் படச் சிவக்கிறது. கட்டையில் இயல்பாக உள்ள பிரேசிலின் என்னும் சேர்மம் ஏறத்தாழ நிறமற்றது. அது ஆக்சிஜனேற்றம் அடைந்து, இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை இழந்து, பிரேசிலீன் என்னும் சிவப்புப் பொருளாக மாறுகிறது. பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரூல் 1808இல் பிரேசிலினைப் பிரித்தெடுத்தார். நோயியல் கூடங்களில் திசுக்களுக்கு நிறமேற்ற இன்றும் பயன்படும் ஹெமடாக்சிலினுக்கும் இதற்கும் ஒரேயொரு ஹைட்ராக்சில் தொகுதிதான் வேறுபாடு. ஆகவே ஆழ்ந்த சிவப்பு, கட்டையில் பிரேசிலின் மிகுந்திருப்பதைக் காட்டிலும், அக்கட்டை எத்தனை காலம் காற்றிலும் ஒளியிலும் கிடந்தது என்பதையே உணர்த்தக்கூடும்.

தண்ணீரும் நிறத்தை மாற்றும். ஒரே கட்டையின் சீவலை மழைநீரில் ஒரு பங்கும், பைகார்பனேட் உப்புகள் மிகுந்த கிணற்றுநீரில் மறு பங்கும் இட்டுக் காய்ச்சினால், முன்னது மஞ்சள் சாயலிலும் பின்னது நல்ல சிவப்பிலும் இறங்கும்; கொதிக்கும்போது கரியமிலவாயு வெளியேறி, கிணற்றுநீரின் காரத்தன்மை கூடுவதே காரணம். சிவந்த நீரில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் அது மஞ்சளாகும். தெளிந்த சுண்ணாம்பு நீர் சேர்த்தால் மீண்டும் சிவக்கும். இம்மாற்றங்களில் கட்டையின் வீரியம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

சாயத்தொழிலிலும் முதல் நாள் நிறத்தை நம்புவதற்கில்லை. துணியில் சாயத்தைப் பிணைக்கும் நிறமூன்றியாகப் படிகாரம் இட்டால் சிவப்பும், அன்னபேதி இட்டால் கருஞ்சாயல் கொண்ட ஊதாவும் கிடைக்கும். எனினும் வெயிலில் விரைவில் வெளுப்பது இச்சாயத்தின் இயல்பான குறை. ஆதலால் வெயிலில் எவ்வளவு நிலைத்தது என்ற சோதனை இல்லாமல் புதிய முறை எதையும் வெற்றி என்று அறிவிப்பது பொருந்தாது.

மரத்தை இனங்காண்பதிலும் நிறம் ஏமாற்றும். சப்பங்கத்தோடு அடிக்கடி குழப்பப்படும் செஞ்சந்தனத்தின் நிறப்பொருளான சாண்டலின் தண்ணீரில் அரிதாகவே கரையும், சாராயத்தில் நன்கு கரையும். சீவலை இவ்விரண்டிலும் தனித்தனியே ஊறவைத்துப் பார்ப்பது தொடக்கச் சோதனையாக உதவும். பெயரும் குழப்பம் தரக்கூடியது: ஐரோப்பியச் சந்தையில் ‘பிரேசில்’ என்று முதலில் விற்றதும் ஆசியச் சப்பங்கமே; 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கொல்லத்துக் கட்டையைக் குறிப்பிடுகிறார். 1500க்குப் பின் போர்ச்சுக்கீசியர் தென் அமெரிக்காவில் கண்ட உறவு மரம் அப்பெயரைப் பெற்று, பிரேசில் நாட்டுக்கும் அதை வழங்கியது. பழைய நூல்களில் இரண்டும் சிசால்பினியா என்ற ஒரே பேரினத்தில் அடங்கின. இன்று ஆசிய மரம் பியான்கேயா, அமெரிக்க மரம் பாவ்பிரசீலியா எனத் தனித்தனிப் பேரினங்களாகப் பிரிந்துவிட்டன. செஞ்சந்தனமும் பாவ்பிரசீலியாவும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை என்பதால், தவறான அடையாளம் சட்டச் சிக்கலாகவும் முடியலாம்.

சப்பங்கச் சாறு பாக்டீரியாக்களைத் தடுப்பதையும் அழற்சியைத் தணிப்பதையும் காட்டும் ஆய்வுகள் பல. அவற்றுள் பெரும்பாலானவை ஆய்வுக்குழாயிலும் எலிகளிலும் நிகழ்ந்தவை. இரண்டு ஆய்வுகளின் முடிவுகள் முரண்படும்போது, அவை பயன்படுத்திய சாறுகளில் பிரேசிலினும் பிரேசிலீனும் எவ்வளவு இருந்தன என்பது தெரியாவிட்டால், முரண் மரத்தினுடையதா செய்முறையினுடையதா என்று பிரித்தறிய வழியில்லை. மனிதரிடம் செய்யும் ஆய்வுக்கு முன் தீரவேண்டிய சிக்கல் இது.

எனவே இவ்விதழுக்கு வரும் சப்பங்கக் கட்டுரைகள், உலர்தாவரகத்தில் சேர்த்த மாதிரியின் விவரம், மரத்தின் வயது, வெட்டியபின் சேமித்த காலமும் முறையும், காய்ச்சிய நீரின் அமிலகார அளவு, உயர்திறன் திரவ நிறப்பிரிகை முறையில் கண்ட பிரேசிலின், பிரேசிலீன் அளவுகள் ஆகியவற்றைத் தருவது கட்டாயமாகிறது. ஆய்வுக்கூட வசதி இல்லாத மருத்துவரும் சாயக்காரரும் முதல் நான்கையும் தம் குறிப்பேட்டில் எழுதிவைக்கலாம். ஒரு தொகுதி நன்றாக அமைந்து மறு தொகுதி பிழைத்தால், காரணம் தேட அந்த நான்கு விவரங்களே கைகொடுக்கும்.